பராமரிப்பு இல்லக் கட்டணப் பாக்கி: இறந்தவரின் சொத்தின்மீது கவுன்சில் பில் அனுப்பினால் என்ன செய்வது?

பெரியம்மாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள் எங்கள் பகுதியின் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடமிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. “காலஞ்சென்றவரின் எக்ஸிகியூட்டர்களுக்கு” (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்களுக்கு) என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில், பராமரிப்பு இல்லத்தில் அவர் வாழ்ந்த காலத்துக்கான கட்டணமாக 61,340 பவுண் செலுத்தப்பட வேண்டும் என்றும், அதை எந்த வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. அரசாங்கக் கடிதம் என்றாலே பயந்து பணிந்துவிடும் நம்மவர்களின் பழக்கப்படி, வீட்டை விற்று அப்படியே கட்டிவிடலாம் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். பதினான்கு மாத அலைச்சலுக்குப் பிறகு, அந்தத் தொகையில் 10,680 பவுண் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது என்று கவுன்சிலே எழுத்தில் ஒப்புக்கொண்டது. கடிதத்தைக் கண்டவுடன் கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். வேல்ஸில் சொத்து வரம்பு வேறு. ஸ்கொட்லாந்தில் உடற்பராமரிப்புச் செலவை அரசே ஏற்கிறது. ஆண்டுதோறும் மாறும் தொகைகள் 2025-26க்கு உரியவை. உங்கள் பில் எந்த ஆண்டுகளைச் சேர்ந்ததோ அந்த ஆண்டுகளின் தொகைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1. கடன் யாருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

எஸ்டேட் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல் இறந்தவர் விட்டுச்சென்ற வீடு, வங்கிப் பணம், நகை ஆகிய அனைத்தையும், அவற்றோடு சேர்த்து அவருடைய கடன்களையும் குறிக்கிறது. பராமரிப்புக் கட்டணப் பாக்கி அந்தத் தொகுதியிலிருந்து தீர்க்கப்பட வேண்டிய கடனே தவிர, மகன் என்பதாலோ பெறாமகள் என்பதாலோ அது உங்கள் தலையில் விழுவதில்லை.

இதற்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு. கவுன்சில் தரும் தொகையைவிட விலை கூடிய இல்லத்தில் சேர்ப்பதற்காக “டாப்-அப்” கட்டணத்தை நீங்கள் கட்டுவதாகக் கையொப்பமிட்டிருந்தால், அந்தப் பகுதி உங்களுடைய சொந்தக் கடன். இல்லத்தில் சேர்க்கும் நாளில், அவசரத்தில் நீட்டப்பட்ட படிவத்தில் உத்தரவாதம் அளிப்பவராகக் கையொப்பமிட்டிருந்தாலும் அப்படித்தான். மூன்றாவதாக, நீங்கள் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்து, கடன் இருப்பது தெரிந்தும் அதைத் தீர்க்காமல் சொத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், பற்றாக்குறையை உங்கள் கைக்காசிலிருந்து கட்ட நேரிடும். ஆகவே கடனைத் தனிப்பட்ட முறையில் ஏற்பதாகச் சொல்லும் எந்தக் கடிதத்திலும் கையொப்பமிடாதீர்கள். பதில் எழுதும்போது “எக்ஸிகியூட்டர் என்ற முறையில்” என்ற சொற்களைத் தவறாமல் சேருங்கள்.

2. முதல் இரண்டு வாரங்களில் சேர்க்க வேண்டிய தாள்கள்

மரணத்தைப் பதிவுசெய்யும்போதே சான்றிதழின் பிரதிகளைக் கூடுதலாக வாங்கிவிடுங்கள், ஒன்று 12.50 பவுண். நான் இரண்டு மட்டும் வாங்கி, ஒவ்வொரு வங்கியிலிருந்தும் அது திரும்பி வரும்வரை காத்திருந்தேன். ஐந்து இருந்தால் நிம்மதி.

அதன் பிறகு இவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்: உயில் இருந்தால் அதன் மூலப்பிரதி, கவுன்சில் செய்த நிதி மதிப்பீட்டுக் கடிதங்கள் (கட்டணத்தில் அவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கிட்டவை) அனைத்தும், பராமரிப்பு இல்லத்தின் ஒப்பந்தம், வங்கிக் கணக்கறிக்கைகள், ஓய்வூதியக் கடிதங்கள், ஒத்திவைப்பு உடன்படிக்கை. கடைசியாகச் சொன்னதை இங்கே “டிஃபர்ட் பேமென்ட் அக்ரிமென்ட்” என்பார்கள். வீட்டை உடனே விற்காமல், கட்டணத்தை வீட்டின்மீது கடனாக ஏற்றிவைக்கும் ஏற்பாடு அது. பெரிய பில்கள் பல அதிலிருந்து வருகின்றன.

அவருடைய கணக்குகளைக் கையாள உங்களுக்குப் பவர் ஒஃப் அட்டர்னி இருந்திருந்தாலும், அது அவருடைய மூச்சோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வங்கி அட்டையில் ஒரு பவுண்கூட எடுக்கக் கூடாது. இறுதிக்கிரியைச் செலவுக்கு மட்டும், சேவை நிறுவனத்தின் பில்லைக் காட்டினால் வங்கி முடக்கப்பட்ட கணக்கிலிருந்து நேரடியாகவே செலுத்திவிடும்.

3. வீடு யாருடைய பெயரில், எப்படி இருக்கிறது?

காணிப் பதிவகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசு இணையதளத்தில் 7 பவுண் கட்டினால் வீட்டின் பதிவேடு சில நிமிடங்களில் கிடைக்கும். அதே பெயரில் இயங்கும் தனியார் தளங்கள் இதற்கே பல மடங்கு அறவிடுகின்றன. முகவரியைப் பார்த்துச் செல்லுங்கள்.

அதில் பி பகுதியையும் சி பகுதியையும் நிதானமாக வாசியுங்கள். இரண்டு பேர் உரிமையாளர்களாக இருந்து, தனி ஒருவர் விற்க முடியாது என்ற கட்டுப்பாடு பி பகுதியில் பதிவாகியிருந்தால், அவரவர் பங்கு தனித்தனியானது என்று பொருள். இறந்தவரின் பங்கு எஸ்டேட்டில் சேரும், கவுன்சிலின் கடனும் அதைத் தொடும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத கூட்டுரிமையில், வீடு பொதுவாக உயிரோடிருப்பவருக்கு நேரே போய்விடும். அங்கே கவுன்சில் கேட்டவுடன் ஒப்புக்கொள்ளாமல் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். சி பகுதியில் கவுன்சிலின் பெயர் இருந்தால் கடனுக்கு வீடு ஈடாகப் பதிவாகியிருக்கிறது. 2015 ஏப்ரலுக்குப் பிறகு ஏறிய கடனுக்கு, உரிமையாளரின் சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் கவுன்சில் தன் பெயரை அங்கே ஏற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

4. விரிவான கணக்கை எழுத்தில் கேளுங்கள்

ஒத்திவைப்பு உடன்படிக்கை இருந்த இடத்தில், இறந்து குறைந்தது இரண்டு வாரங்கள் சென்ற பிறகே கவுன்சில் தொடர்புகொள்ள வேண்டும். அப்படித் தொடர்புகொள்ளும்போது முழு விபரக் கணக்கையும் தர வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. எனக்கு வந்ததுபோல் ஒரே தொகை வந்தால், இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: வாரவாரியான கட்டணம், ஒவ்வொரு வாரமும் அவருடைய ஓய்வூதியத்திலிருந்து கழிக்கப்பட்ட தொகை, ஒவ்வொரு நிதி மதிப்பீட்டின் பிரதி, உடன்படிக்கையின் பிரதி, வட்டி வீதம் மாறிய திகதிகள், நிர்வாகக் கட்டணத்தின் விபரம். கணக்கு வந்து சேரும்வரை கடனை நீங்கள் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை என்று ஒரு வரியில் எழுதுங்கள்.

தொலைபேசியில் பேசிப் பயனில்லை. நான்கு முறை பேசினேன். நான்கு முறையும் வேறொருவர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகை சொன்னார்கள். மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் ஒரு பெயரும் ஒரு கோப்பு இலக்கமும் கிடைத்தன.

5. கணக்கை வரிவரியாகச் சரிபாருங்கள்

இந்தப் படியில்தான் காசு இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பன்னிரண்டு வார விலக்கு. ஒருவர் நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும்போது, வீட்டைத் தவிர்த்த சேமிப்பு 23,250 பவுணுக்குக் குறைவாக இருந்தால், முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு வீட்டின் பெறுமதியைக் கவுன்சில் கணக்கில் எடுக்கக் கூடாது. பெரியம்மாவின் இல்லக் கட்டணம் வாரம் 980 பவுண். அந்த வாரங்களில் ஓய்வூதியத்திலிருந்து அவர் கொடுத்திருக்க வேண்டியது 195 பவுண் மட்டுமே. கவுன்சிலோ முதல் நாளிலிருந்தே முழுக் கட்டணத்தையும் அவர் கடனில் எழுதியிருந்தது. வாரத்துக்கு 785 வீதம், பன்னிரண்டு வாரங்களுக்கு 9,420 பவுண்.

இரண்டாவது, கடைசித் திகதி. மரணச் சான்றிதழில் உள்ள திகதியையும் பில்லின் கடைசி வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் கணக்கில் பெரியம்மா இறந்த பிறகும் ஒன்பது நாட்கள் ஓடியிருந்தன. நாளொன்றுக்கு 140 வீதம் 1,260 பவுண். அறை அதற்குள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவருடைய சேலைகளை எடுக்கப் போனபோது கதவில் புதிய பெயர் ஒட்டியிருந்தது.

மூன்றாவது, வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்பது. கணவனோ மனைவியோ துணைவரோ, 60 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினரோ, இயலாமையுள்ள உறவினரோ, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையோ, அவர் இல்லத்துக்குப் போவதற்கு முன்பிருந்தே அங்கே தொடர்ந்து வாழ்ந்திருந்தால் வீட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது. நம் குடும்பங்களில் இது அடிக்கடி தவறிப்போகிறது. கூடவே இருந்த 62 வயதுத் தம்பியின் பெயர் எந்தப் படிவத்திலும் இருக்காது. “அவர் சும்மா எங்களோடு இருக்கிறார்” என்று சொல்லிவிட்டிருப்பார்கள். அவருடைய குடும்ப மருத்துவர் பதிவு, வாக்காளர் பட்டியல், வங்கிக் கடித உறை எல்லாம் சான்றாகும்.

நான்காவது, சேமிப்பு. 23,250க்கு மேல் இருந்தால் முழுக் கட்டணம். 14,250க்குக் கீழ் இருந்தால் சேமிப்பைத் தொடக் கூடாது. இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் வருவதாகக் கணக்கிடுவார்கள். 18,250 இருந்தால் வாரம் 16 பவுண். இருவர் பெயரிலுள்ள கணக்கைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். ஊர்ச்சங்கப் பணமோ கோயில் திருவிழாப் பணமோ அவர் பெயரில் வைக்கப்பட்டிருந்தால் அது அவருடையது அன்று. ஆனால் சங்கத்தின் கணக்குப் புத்தகம் இல்லாமல் அதை நிறுவுவது கடினம். சீட்டுக் காசும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் உள்ள வளவும் வீடும் மதிப்பீட்டில் சேரும் என்பதை மறைக்காதீர்கள். உறுதியில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதை மட்டும் சரியாகக் காட்டுங்கள். நகைகள், கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கில் வாங்கப்பட்டவையாக இல்லாவிட்டால், மதிப்பீட்டில் சேராது. ஆனால் அவர் இறந்த பிறகு அதே நகை எஸ்டேட்டின் சொத்து. கடன் தீர்வதற்கு முன் தாலிக்கொடியை மருமகளுக்குக் கொடுத்துவிட்டால் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஐந்தாவது, கைச்செலவுப் பணம். எவ்வளவு குறைந்த வருமானம் உள்ளவருக்கும் வாரம் 30.65 பவுண் கையில் விடப்பட்டிருக்க வேண்டும். ஒத்திவைப்பு உடன்படிக்கை உள்ளவர் வாரம் 144 பவுண் வரை தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் கடன் அதற்கேற்பக் கூடும்.

உடன்படிக்கையே இல்லாமல் பாக்கி சேர்ந்திருந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் கெயர் அக்ட் (பராமரிப்புச் சட்டம்), பிரிவு 69இன்படி, ஒத்திவைப்பு உடன்படிக்கைக்குத் தகுதியிருந்த ஒருவரிடம் கவுன்சில் அதை முன்வைத்து, அவர் மறுத்திருந்தால் மட்டுமே பாக்கியைச் சாதாரணக் கடனாக வழக்கிட்டு அறவிட முடியும். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதே பிரிவின்படி, பாக்கி செலுத்த வேண்டியதான நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் கேட்கப்பட வேண்டும். உடன்படிக்கை இருந்தால் இந்தக் காலவரையறை உங்களுக்கு உதவாது, ஏனென்றால் அந்தக் கடன் செலுத்த வேண்டியதாவதே இறந்த பிறகுதான்.

6. வீடு முன்பே பிள்ளைகளுக்கு எழுதப்பட்டிருந்தால்

“ஏழு வருஷம் முடிஞ்சால் ஒண்டும் செய்யேலாது” என்று கலியாண வீடுகளில் சொல்வார்கள். அந்த ஏழு ஆண்டு மரண வரிக்கு உரியது. பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கில் சொத்து கைமாறியதாகக் கவுன்சில் காட்டினால், கெயர் அக்ட், பிரிவு 70இன்படி அதைப் பெற்றவரிடமே கேட்கலாம். ஆனால் நோக்கத்தைக் கவுன்சில்தான் நியாயமாகக் காட்ட வேண்டும். நல்ல சுகத்தோடு இருந்த காலத்தில், பராமரிப்பு இல்லம் என்ற நினைப்பே இல்லாதபோது எழுதப்பட்டிருந்தால், அக்கால மருத்துவக் குறிப்புகளே உங்களுக்குச் சிறந்த சான்று.

7. என்.எச்.எஸ். கட்டியிருக்க வேண்டிய செலவா?

முதன்மையான தேவை மருத்துவ இயல்புடையதாக இருந்தால், “கன்டினியூயிங் ஹெல்த்கெயர்” என்ற ஏற்பாட்டில் முழுச் செலவையும் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். ஏற்கும், அதற்குச் சொத்து மதிப்பீடே கிடையாது. நோயின் பெயர் முக்கியமன்று. தேவையின் தன்மையும் கடுமையும்தான் பார்க்கப்படும். அவர் உயிரோடிருந்தபோது இந்த மதிப்பீடு செய்யப்படவே இல்லை என்றால், 2012 ஏப்ரல் 1க்குப் பிந்தைய காலத்துக்கு எக்ஸிகியூட்டர் இப்போதும் கேட்கலாம். விண்ணப்பம் என்.எச்.எஸ்.இன் பிராந்திய அமைப்பான உள்ளூர் இன்டகிரேட்டட் கெயர் போர்டுக்குப் போக வேண்டும். மதிப்பீடு செய்து மறுத்திருந்தால், மறுத்த அறிவிப்பிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

இது நீண்ட வேலை. இல்லத்தின் அன்றாடக் குறிப்புகள் இல்லாமல் எதுவும் நடவாது. பழைய கோப்புகள் களஞ்சியத்துக்குப் போவதற்குள் கேட்டு வாங்குங்கள். கிடைக்கும் பணத்தில் நாலிலொரு பங்கு கேட்டு வரும் தரகு நிறுவனங்களிடம் கையொப்பமிடுவதற்கு முன், விண்ணப்பிப்பதற்குக் கட்டணமே இல்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். எங்கள் விண்ணப்பம் தோற்றது. ஆனாலும் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை.

8. தொண்ணூறு நாள், புரொபேட், ஓடிக்கொண்டிருக்கும் வட்டி

உடன்படிக்கையின்படி, இறந்து 90 நாட்களில் கடன் செலுத்த வேண்டியதாகிறது. புரொபேட் (எஸ்டேட்டைக் கையாள நீதிமன்றம் தரும் அதிகாரம்) கிடைத்து வீடு விற்பதற்கு அந்த நாட்கள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் உண்மையாக முயல்கிறீர்கள் என்று காட்டினால் கவுன்சில்கள் பொதுவாகப் பொறுக்கின்றன. முயற்சி இல்லை அல்லது வேண்டுமென்றே தடுக்கிறீர்கள் என்று தோன்றினால் நீதிமன்றம் போகலாம். ஆகவே புரொபேட் விண்ணப்ப இலக்கம், வீட்டுத் தரகரின் கடிதம், வாங்குபவரின் விலைக் கேள்வி ஆகியவற்றை மாதமொருமுறை அனுப்பிவையுங்கள்.

புரொபேட் விண்ணப்பக் கட்டணம், எஸ்டேட் 5,000 பவுணுக்கு மேல் இருந்தால், 300 பவுண். உயில் இருந்தால் ஒரு படிவம், இல்லாவிட்டால் வேறொரு படிவம். சட்டத்தரணியிடம் கொடுப்பதானால் எஸ்டேட்டின் வீதமாகக் கட்டணம் கேட்பவரை விட்டு, மணிக்கணக்கிலோ நிலையான தொகையிலோ கேட்பவரைத் தேடுங்கள்.

வட்டி இறந்த நாளோடு நிற்பதில்லை. முழுக் கடனும் தீரும்வரை ஓடும், கூட்டுவட்டியாகவும் இருக்கலாம். அதன் உச்ச வீதத்தை அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. கவுன்சில் அதற்கு மேல் போக முடியாது. நிர்வாகக் கட்டணமும் உண்மையான செலவைத் தாண்டக் கூடாது. வங்கியில் பணம் இருந்தால், சர்ச்சை இல்லாத பகுதியை முதலில் கட்டி வட்டியைக் குறையுங்கள். மீதி சர்ச்சைக்குரியது என்று எழுதிக் கட்டுங்கள்.

வெறுமையான வீட்டுக்கு இரண்டு காரியங்கள் உடனே செய்ய வேண்டும். சாதாரணக் காப்புறுதிகள் பல, ஆளில்லாத வீட்டைச் சுமார் முப்பது நாள் மட்டுமே காக்கும். ஆகவே ஆளில்லா வீட்டுக்கான காப்புறுதிக்கு மாற்றுங்கள். கவுன்சில் வரிக்கு, புரொபேட் வரும்வரையும் அதன் பிறகு ஆறு மாதம் வரையும் விலக்கு உண்டு. அதை நீங்களாகக் கேட்க வேண்டும்.

9. எதை முதலில் கட்டுவது

எஸ்டேட் எல்லாக் கடனுக்கும் போதுமென்றால் வரிசை பெரிய விடயமன்று. போதாதென்றால் சட்டம் வரிசை வைத்திருக்கிறது: ஈடு வைத்த கடன் ஈட்டிலிருந்து தீரும், மிஞ்சியதில் நியாயமான இறுதிக்கிரியைச் செலவும் எஸ்டேட்டை நிர்வகிக்கும் செலவும் முதலில், ஈடு இல்லாத கவுன்சில் கடன், கடன் அட்டைப் பாக்கியோடு ஒரே வரிசையில் நிற்கும். தகனச் செலவில் எவரும் குறுக்கே நிற்பதில்லை. மண்டபம் எடுத்து இருநூறு பேருக்குக் கொடுத்த எட்டுச்செலவுச் சாப்பாட்டையும் அதில் எழுதினால் கேள்வி வரும். அதைக் குடும்பத்தார் தங்கள் கையிலிருந்து பார்ப்பதே நல்லது. இப்படிப் போதாத எஸ்டேட்டில் மாமாவின் கைமாற்றை முதலில் திருப்பிக் கொடுக்கும் பெருந்தன்மை வேண்டாம்.

அவர் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி பெற்றிருந்தால், ஓய்வூதியத் துறையிடமிருந்து தனியாக ஒரு விசாரணைக் கடிதம் வரக்கூடும். அது கவுன்சில் கடனோடு சேராத இன்னொரு கடன். அது முடியும்வரை பங்கிடாதீர்கள். பங்கிடுவதற்கு முன், கடன் கொடுத்தவர்கள் முன்வருமாறு கஸெட்டிலும் (அரசின் அறிவித்தல் இதழ்) வீடு இருக்கும் பகுதியின் பத்திரிகையிலும் அறிவித்தல் கொடுத்து, குறைந்தது இரண்டு மாதம் காத்திருந்தால், பிறகு உங்களுக்குத் தெரியாத கடன் கொடுத்தவர் வந்தாலும் உங்கள்மீது பொறுப்பு இல்லை. தெரிந்த கடனுக்கு இது பாதுகாப்பு அன்று.

10. கவுன்சில் மசியாவிட்டால்

முதலில் கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவு. அதன் இறுதிப் பதில் திருப்தி இல்லாவிட்டால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கெயர் ஒம்பட்ஸ்மன். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தவறு உங்களுக்குத் தெரிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஒம்பட்ஸ்மனிடம் போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். திகதி, தொகை, எந்த விதி மீறப்பட்டது, என்ன வேண்டும். பெரியம்மாவின் அருமை பெருமைகளை எழுதிய என் முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. பன்னிரண்டு வாரக் கணக்கை ஒரு சிறிய அட்டவணையாகப் போட்ட இரண்டாவது கடிதத்துக்குப் பத்தொன்பது நாளில் திருத்திய பில் வந்தது: 50,660 பவுண்.

11. கட்டிய பிறகு

தீர்வுத் தொகையைக் கேட்கும்போது, அது எந்தத் திகதி வரை செல்லும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி என்பதையும் கேளுங்கள். வீடு விற்கும் நாள் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் கணக்குக் குழம்பாது. கட்டி முடித்ததும் “கடன் முழுமையாகத் தீர்ந்தது” என்ற கடிதத்தையும், பதிவேட்டில் ஈட்டை நீக்கும் டி.எஸ்.1 படிவத்தையும் கவுன்சிலிடமிருந்து பெற வேண்டும். வாங்குபவரின் சட்டத்தரணி அந்தப் படிவத்தைக் கேட்பார். சில வாரம் கழித்து இன்னொரு 7 பவுண் கட்டிப் பதிவேட்டைத் திரும்ப எடுத்து, சி பகுதியில் கவுன்சிலின் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். எங்களுடையது முதல் முறை பார்த்தபோது போயிருக்கவில்லை.